முதல் செமஸ்டருக்கு 19 கிரெடிட்: தாங்குமா?

முதலாண்டு_மாணவன்

வணக்கம். அடுத்த மாதம் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முதலாண்டு தொடங்குகிறது. சேரப்போவது படிப்புச் சுமைக்குப் பெயர்போன பல்கலைக்கழகம். பதிவு செய்ய எடுத்து வைத்திருப்பவை இவை (அடைப்பில் கிரெடிட், அதாவது பாடத்தின் சுமை அளவு): கால்குலஸ் (4), மெக்கானிக்ஸ் (3), அதன் லேப் (1), வேதியியல் (3), அதன் லேப் (1), புரோகிராமிங் அறிமுகம் (4), கட்டாய எழுத்துப் பயிற்சி (3). மொத்தம் 19. அனுமதிக்கும் உச்ச வரம்பும் 19தான். முழுநேர மாணவராகக் கணக்கிட 12 இருக்க வேண்டுமாம்.

வகுப்பு, லேப் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 23 மணி நேரம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றுகிறது. நுழைவு மதிப்பெண்ணை வைத்து கால்குலஸ் முதல் பகுதியைத் தாண்டி நேரே இரண்டாம் பகுதிக்குப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. 19-ஐ அப்படியே எடுக்கலாமா? குறைப்பதென்றால் எதைக் குறைப்பது?

கணக்குப்பிள்ளை

அந்த 23 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். பள்ளியில் பாடம் நடப்பது வகுப்பில்; இங்கே வகுப்பு என்பது பாடத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் வெளியே உழைப்பு என்பதுதான் வழக்கமான அளவு. 19 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 57 மணி. ஐரோப்பாவில் இதையே வேறு விதமாக எழுதுவார்கள்: செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (அங்கே கிரெடிட்டுக்குப் பெயர்), ஒவ்வொன்றும் மொத்தமாக 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவின் எம்ஐடியில் இன்னும் வெளிப்படை. 12 யூனிட் பாடம் என்றாலே வாரம் 12 மணி நேரம். அதில் வகுப்பு எவ்வளவு, லேப் எவ்வளவு, தனியாகச் செய்வது எவ்வளவு என்று 3-2-7 என்பது போல மூன்று எண்களாகப் பாடத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

இந்தக் கணக்கு உடைகிற இடம் லேப். 1 கிரெடிட் என்று பெயர். லேபுக்குள் நிற்பதற்கே 3 மணி நேரம் போய்விடும். அதற்குப் பிறகு ரிப்போர்ட். வரைபடம், பிழைக் கணக்கு, விளக்கம் எல்லாம் சேர்த்து ஆரம்பத்தில் 3 அல்லது 4 மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். உங்களிடம் இரண்டு லேப். ஆக 57 என்பது 63, 65 வரை போகும்.

வாரத்தில் 168 மணி நேரம். தூக்கம் 56, சாப்பாடு, குளியல், துணி துவைப்பது என்று 21, நடை, அலைச்சல் 10. மீதி 81. 'இடம் இருக்கிறதே' என்று தோன்றும். இருக்கும்தான். ஆனால் அந்த 81 மணியும் புதுக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தகுந்த மணிகள் அல்ல. இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு மணி நேரத்தில் நடப்பது காலையில் இருபது நிமிடத்தில் நடந்துவிடும். பெரும்பாலானோருக்கு 45 முதல் 50 மணி நேரம்தான் நீடித்துத் தாங்கும். அதற்கு மேல் ஒரு வாரம் ஓட்டலாம், பதினைந்து வாரம் ஓட்டுவது கஷ்டம். இரண்டு நாள் காய்ச்சல் வந்தால்கூட ஈடுகட்ட இடம் இருக்காது.

குறைப்பது வேதியியலையும் அதன் லேபையும். காரணம் எளிது. எலக்ட்ரிகலில் உங்கள் சங்கிலி கால்குலஸ், மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், சர்க்யூட் என்று போகும். இதில் ஒன்று தள்ளினால் பின்னால் வருவது எல்லாம் தள்ளும். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கிறதென்றால் ஒரு வருடமே போய்விடும். வேதியியலில் தொங்கிக்கொண்டிருக்கும் பாடம் உங்கள் துறையில் அநேகமாக எதுவும் இல்லை. துறையின் நான்காண்டு அட்டவணையைப் பின்னாலிருந்து படித்து, எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். தன்னிடமிருந்து எந்த அம்பும் கிளம்பாத பாடம்தான் காத்திருக்கக்கூடியது.

திங்கள்_இரவு

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் மொத்த மணி நேரத்தைவிட அந்த மணிகள் எங்கே குவிகின்றன என்பதுதான் ஆளைச் சாய்க்கும். நான்கு பாடங்களின் சிலபஸையும் எடுத்து ஒரே தாளில் 15 வாரமும் எழுதுங்கள், தம்பி. எந்தக் கிழமை எந்த அசைன்மென்ட் போகணும், எந்த வாரம் மிட்டர்ம் (இடைத்தேர்வு) என்று குறிங்க. கால்குலஸும் மெக்கானிக்ஸும் ஒரே வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்திருந்தால் ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் போச்சு. நேரப் பிரிவை மாற்ற முடிந்தால் மாற்றுங்க. முடியாவிட்டால் ஒன்றைச் செவ்வாய்க்கிழமையே முடிக்கணும் என்று முன்கூட்டியே எழுதி வைங்க. மிட்டர்ம்கள் பெரும்பாலும் 5, 6-வது வாரத்திலும் 10-வது வாரத்தை ஒட்டியும் கூட்டமாக வரும். இறுதித் தேர்வு அட்டவணை வந்துவிட்டதா என்றும் பாருங்க. ஒரே நாளில் மூன்று விழுந்தால் ஒன்றை மாற்றித் தர பல இடங்களில் விதி உண்டு, ஆனால் முன்னாடியே விண்ணப்பிக்கணும்.

பாடங்களின் வகையும் முக்கியம். கணக்குத் தாள் வருகிற பாடம் ஒரு செமஸ்டருக்கு இரண்டு போதும். உங்களிடம் கால்குலஸ், மெக்கானிக்ஸ், வேதியியல் என்று மூன்று இருந்தது. புரோகிராமிங் வேறு ரகம்: ஒரு கணக்கு வராவிட்டால் பாதி எழுதி வைத்துப் பாதி மதிப்பெண் வாங்கலாம், ஓடாத புரோகிராமுக்குப் பல நேரம் பூஜ்யம்தான். நேரமும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே அசைன்மென்ட் ஒருவருக்கு 4 மணி நேரம், பக்கத்தில் இருப்பவருக்கு 15 மணி நேரம். கடைசி நாள் ஆபிஸ் அவர்ஸில் (ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் நேரம்) வரிசை நீளும். கொடுத்த அன்றே திறந்து முதல் கேள்வியையாவது ஓட்டிப் பார்த்தவர்கள் அந்த வரிசையில் நிற்க மாட்டார்கள்.

எழுத்துப் பயிற்சி வகுப்பை மட்டும் 'சும்மா மூணு கிரெடிட்' என்று தள்ளிவிடாதீங்க. சின்ன வகுப்பு, ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரிகிற ஒரே பாடம் அதுவாகத்தான் இருக்கும். வேலை வாரத்துக்கு வாரம் சமமாக வராது, கட்டுரை கொடுக்கும் வாரம் மட்டும் கனக்கும். அந்த வாரங்களையும் தாளில் போடுங்க.

கால்குலஸ் தாண்டுவது பற்றி. மதிப்பெண்ணை நம்பாதீங்க. முதல் பகுதியின் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்து, புத்தகம் மூடி, கடிகாரம் வைத்து எழுதுங்க. 85-க்கு மேல் வந்தால் தாண்டலாம். 60, 65 என்றால் 'கொஞ்சம் தூசி தட்டினால் வந்துவிடும்' என்று தோன்றும். வராது. இரண்டாம் பகுதியில் தொகையிடல் (இன்டக்ரேஷன்) முறைகளும் தொடர்களும் வேகமாக வரும், தூசி தட்ட நேரம் தர மாட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: முதல் பகுதியையே எடுத்தால் அங்கே தொகையிடல் செமஸ்டரின் பின்பாதியில்தான் வரும். மெக்கானிக்ஸில் வேலை, ஆற்றல் அதிகாரத்துக்கே அது தேவைப்படும். இரண்டையும் சேர்த்து எடுக்கிறவர்கள் அடிப்படைத் தொகையிடலை மட்டுமாவது வகுப்பு தொடங்கும் முன் பழகிக்கொள்ளணும்.

பதிவாளர்_மேசை

வேதியியலைக் கழித்தால் 15. எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 15-ல் ஒரு பொறி இருக்கிறது. புரோகிராமிங் (4) கைமீறிப் போய் அதைக் கழற்றிவிட நினைத்தால் மீதி 11. முழுநேர வரம்புக்குக் கீழே. மெக்கானிக்ஸைக் கழற்றினாலும் அதே 11, ஏனென்றால் வகுப்பை விட்டால் லேபும் கூடவே போகும். நீங்கள் விடக்கூடிய ஒரே பாடம் எழுத்துப் பயிற்சி என்று ஆகிவிடும். அதை விட வேண்டிய அவசியமோ வரவே வராது.

அதனால் 1 கிரெடிட் முதலாண்டுக் கருத்தரங்கு ஏதாவது இருந்தால் சேர்த்து 16 ஆக்குங்கள். வாரம் ஒரு மணி நேரம், பெரும்பாலும் வருகைக்குத்தான் மதிப்பெண். இப்போது எந்த 4 கிரெடிட் பாடத்தை விட்டாலும் 12 நிற்கும்.

12-க்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. உதவித்தொகை, விடுதி இரண்டுக்கும் நிபந்தனை இருக்கலாம். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது விசா விஷயம். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதற்கென்று இருக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவின் ஒப்புதல் முதலில், பாடத்தை விடுவது பிறகு. ஒப்புதல் இல்லாமல் விட்டால் விசா நிலையே போய்விடும். ஆங்கில வாசிப்பில் தொடக்கச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை புதிது, தவறான நிலையில் பாடம் அமைந்துவிட்டது போன்ற காரணங்களுக்கு ஒப்புதல் கிடைக்கலாம். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும். முழு ஆன்லைன் பாடம் என்றால் செமஸ்டருக்கு ஒன்று, 3 கிரெடிட் வரைதான் அந்த 12-ல் சேரும்.

டிராப், வித்ட்ரா இரண்டும் ஒன்றல்ல. முதல் கெடுவுக்குள் டிராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) சுவடே இருக்காது. அதைத் தாண்டி இரண்டாவது கெடுவுக்குள் விட்டால் 'டபிள்யூ' என்று பதியும். சராசரியைப் பாதிக்காது, ஆனால் தெரியும். இரண்டு தேதிகளையும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் திங்கள்_இரவு சொன்ன அதே தாளில் எழுதுங்கள்.

முதலாண்டு_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. 16 என்று மாற்றிக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: சுவடில்லாமல் விடும் கெடு மூன்றாம் வாரத்தோடு முடிகிறது, முதல் மிட்டர்ம் ஐந்தாம் வாரம். மதிப்பெண்ணே வராமல் எதை வைத்து முடிவெடுப்பது?

கணக்குப்பிள்ளை

நேரத்தை வைத்து. ஒவ்வொரு பாடத்துக்கும் உட்காரும்போதும் எழும்போதும் மணி குறியுங்கள். முதல் அசைன்மென்ட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பழைய பாடத்தின் மறுபார்வை. இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். 4 கிரெடிட் பாடம் வகுப்போடு சேர்த்து 12 மணி நேரம் பிடிக்க வேண்டும். தொடர்ந்து 16, 17 போனால் அடுத்த கேள்வி: விடையைப் பார்க்காமல் மறுநாள் அதே கணக்கைத் திரும்பப் போட முடிகிறதா?

முடிகிறதென்றால் வேகம்தான் குறைவு, அது ஏறும். பாடத்தை வைத்துக்கொண்டு சங்கப் பொறுப்பு, பகுதிநேர வேலை போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். முடியவில்லை என்றால் நிலை தவறு. அப்போது விடுவதற்கு முன், ஒரு படி கீழே இருக்கும் பாடத்துக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். சேர்க்கைக் கெடு முடிந்த பிறகும் கால்குலஸ் போன்ற பாடங்களில் இப்படி இறங்க விடும் துறைகள் உண்டு, கிரெடிட் எண்ணிக்கையும் மாறாது.

திங்கள்_இரவு

மூன்றாம் வாரம் திங்கட்கிழமைக்கே அட்வைசரிடம் நேரம் வாங்கி வைங்க, தம்பி. கெடு வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமையிலிருந்து யாருக்கும் நேரம் கிடைக்காது.