மெயிலும் வலைப்பூவும் பார்த்தே காலை போய்விடுகிறது, வழி சொல்லுங்கள்

வைகைக்கரை: ஜிமெயிலைத் திறந்தால் கடை விளம்பரம், வேலைவாய்ப்பு அறிவிப்பு எல்லாம் குவிந்து கிடக்கிறது, நடுவில் அலுவலக மெயிலைத் தேட வேண்டியிருக்கிறது. அப்புறம் பிடித்த வலைப்பூக்களை ஒவ்வொன்றாகத் திறந்து புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று வேறு பார்க்கிறேன். இதைச் சுருக்க முடியுமா?

நெய்தல்: முதலில் ஃபில்டர், அதாவது மெயில்களைத் தானாகப் பிரித்து வைக்கும் விதி, போடுங்கள், கணினியில் செய்வது சுலபம். தேடல் பெட்டியின் வலது ஓர ஐகானைத் தட்டி, விளம்பர மெயில்களில் வழக்கமாக இருக்கும் அன்சப்ஸ்கிரைப் (unsubscribe) என்ற சொல்லை ஆங்கிலத்தில் கொடுத்து, அது உள்ள மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குப் போகும்படி வைத்தால் விளம்பரங்களில் பெரும்பாலானவை ஒதுங்கிவிடும். வங்கி மெயிலிலும் சில சமயம் அந்தச் சொல் இருக்கும், அதனால் வங்கி முகவரியை மறக்காமல் விலக்கிவிடுங்கள்.

கரிசல்: வலைப்பூவுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீட்தான் சரி, பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் வசதி அது. ஃபீட்களைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது அதே போன்ற ஃபீட்லிக்கு மாறினேன், இன்றுவரை அதுதான். பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் இரண்டிலும் ஃபீட் தானாகவே இருக்கும், வலைப்பூ முகவரியை ஃபீட்லியில் ஒட்டினால் போதும். செய்தித்தளங்களை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், அவற்றின் பதிவுகள் குவிந்து மற்றதெல்லாம் அடியில் போய்விடும்.

வைகைக்கரை: நன்றி. ஏற்கெனவே வந்து கிடக்கும் மெயில்கள்?

நெய்தல்: ஃபில்டரைச் சேமிக்கும்போது பழையவற்றுக்கும் பொருத்தச் சொல்லி ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்துவிடுங்கள்.