எலக்ட்ரிக் சூட்கேஸ்: நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓட்டுவது எப்படி?

உருளி
வணக்கம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை சூட்கேஸ். உச்ச வேகம் மணிக்கு 13 கி.மீ., கைப்பிடியில் ஒரு பக்கம் ஆக்சிலரேட்டர், மறுபக்கம் பிரேக். விமான நிலையத்துக்குள் நடப்பவர்களைத் தாண்டும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? பெல் அடிக்கலாமா? எங்கெல்லாம் இறங்கிவிட வேண்டும்?

மெதுநடை
முதல்ல வேகம். ஆள் நடக்கிறது மணிக்கு சுமார் 5 கி.மீ. நீங்க 13-ல போனா நொடிக்கு 3.6 மீட்டர். முன்னாடி போறவர் சட்டுனு நின்னா, அதைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி ஆகும். பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடியே 3.6 மீட்டர் போயிருப்பீங்க. 5-ல போனா அது 1.4 மீட்டர்தான். ஆள் இருக்கிற இடத்துல குறைந்த கியரை விட்டு வெளியே வராதீங்க.

தாண்டும்போது குறைந்தது ஒரு மீட்டர் விடணும். அதைத் தோளிலிருந்து அளக்கக் கூடாது, அவர் இழுத்துட்டுப் போற பெட்டியிலிருந்து அளக்கணும். பெட்டி அவருக்குப் பின்னால, கொஞ்சம் ஒதுங்கித்தான் வரும். அவர் திரும்பினா அது வெளிப்பக்கமா வீசும். கேட் எண் பலகையை அண்ணாந்து பார்த்துட்டே நடக்கிறவர், பார்க்கிற பக்கமே சாய்ஞ்சு போவார். அந்தப் பக்கமா தாண்டாதீங்க. சின்னப் பிள்ளை கூட இருந்தா தாண்டவே வேண்டாம், பின்னாலயே போங்க.

பெல் வேண்டாம். பின்னாலிருந்து மணி கேட்டா சேர்ந்து நடக்கிற ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் துள்ளுவாங்க, நடுவுல நீங்க. மூணு மீட்டர் முன்னாடியே "கொஞ்சம் வழி விடுங்க"ன்னு சாதாரணக் குரல்ல சொல்லுங்க. காதுல ஹெட்போன் இருக்கலாம், காது கேட்காதவராவும் இருக்கலாம். அதனால திரும்பிப் பார்க்கலைன்னா குரலை உயர்த்தாம, இடம் அகலும்வரை நடை வேகத்துல பின்தொடருங்க.

தடம்
இறங்க வேண்டிய இடங்கள்: லிஃப்ட், எஸ்கலேட்டர், நகரும் நடைபாதை, சரிவு, வரிசை, கவுன்டர் முன்பு. லிஃப்டுக்குள் நுழையும் முன் பவரையே அணைத்துவிடுங்கள். நெரிசலில் யாருடைய பையாவது ஆக்சிலரேட்டரில் பட்டால் பெட்டி ஒரு அடி முன்னால் பாயும், முன்பக்க விளிம்பு நேராக முன்னால் நிற்பவரின் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் இடிக்கும்.

பலர் யோசிக்காத விஷயம் உயரம். உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை, நிற்பவரின் மார்பளவுக்குத்தான் வரும். டிராலியில் பெட்டிகளை அடுக்கித் தள்ளி வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வழிவிட வேண்டியது எப்போதும் நீங்கள்தான். தூண், சுவர் முனைகளை ஒட்டித் திரும்பாமல் அகலமாகச் சுற்றுங்கள்.

தரையில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பார்வையற்றவர்களின் பாதை. மோட்டாரின் மெல்லிய சத்தம் கூட்ட இரைச்சலில் அவர்களுக்குக் கேட்காது. அந்த ஓடுகள் மேல் ஓட்டவும் வேண்டாம், பெட்டியை நிறுத்தவும் வேண்டாம்.

உருளி
நன்றி. கூட்டம் மிதமாக இருந்தால்? ஓட்டலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

மெதுநடை
ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டினா யார் மேலயும் படாத அளவு இடம் தொடர்ச்சியா இருக்கணும். ரெண்டு தடவை ஆளுக்காக பிரேக் பிடிச்சாச்சுன்னா இறங்கிடுங்க. விட்டு விட்டு நகர்ற பெட்டி எந்தப் பக்கம் வரும்னு நடக்கிறவங்களுக்குப் புரியாது.

அச்சாணி
பெட்டிக்குள் அடுக்குவதும் இதில் சேர்ந்ததுதான். காலணி, புத்தகம் போன்ற கனமானவை அடியில் இருக்கட்டும். மேல்பக்கம் கனத்தால் திருப்பத்தில் பெட்டி சாயும், காலை ஊன்றித் தடுமாறி பக்கத்தில் வருபவர் மேல் விழ நேரிடும். கைப்பிடியில் பை மாட்டக் கூடாது. ஒரு பக்கம் இழுக்கும், பையின் வாரும் அடுத்தவர் கையில் சிக்கும்.

துடைத்த ஈரத் தரையில் சின்னச் சக்கரம் வழுக்கும், பிரேக் பிடித்தாலும் நிற்காது. அங்கே தள்ளிக்கொண்டே போங்கள். லிஃப்ட் வாசல் இடுக்கில் முன்சக்கரம் மாட்டினால் பெட்டி நின்றுவிடும், நீங்கள் முன்னால் போவீர்கள்.

அந்தந்த இடத்து விதியையும் பாருங்கள். ஜப்பானில் இது மோட்டார் வாகனக் கணக்கில் வருகிறது, உரிமம் இல்லாமல் பொதுப் பாதையில் ஓட்ட முடியாது. பெட்டியை விமானத்தில் செக்-இன் செய்வதானால் பேட்டரியைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் எடுத்துப் போக வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100-க்கு மேல் 160 வாட்-அவர் வரை இருந்தால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. கழற்றும் வேலையை வரிசையில் நின்றுகொண்டு செய்யாமல், ஓரமாக ஒதுங்கி முன்பே முடித்துவிடுங்கள்.