ஒரே கதிர், ஒரே அளவு: எச்சில் முதல் வாரமே வற்றியது, வாய்ப்புண் மட்டும் ஏன் மூன்றாம் வாரம்?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். அப்பாவுக்கு வயது 61. இடது கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர்சிகிச்சை நடக்கிறது. எங்கள் பக்கம் இதைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வார்கள். மொத்தம் 30 சிட்டிங், ஒரு நாளைக்கு 2 கிரே (உடம்பில் இறங்கும் கதிரை அளக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை. கீமோ கிடையாது. இன்றோடு 14 முடிந்தது.

நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். ஐந்தாவது சிட்டிங் முடிவதற்குள் எச்சில் குறைந்துவிட்டது. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தாலும் வாய்க்கு வாய் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அப்போது வாயில் ஒரு புண்கூட இல்லை. பத்தாவது வாக்கில் ருசி போனது. அம்மா வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு "வெந்நீரா கொடுத்த?" என்று கேட்டார். இந்த வாரம்தான் நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளைப் படலம் படிந்து புண் வந்திருக்கிறது. இடது பக்கம் தாடி முளைப்பது நின்றுவிட்டது. வலது கன்னத்தில் நாலு நாள் நரைத்தாடி, இடது கன்னம் வழவழ. கழுத்துத் தோல் கறுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தோலுக்கு அடியில் இருக்கும் தசைக்கு இதனால் புதிதாக ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. டாக்டரோ, "தாடை இறுக்கம் ஒரு வருஷம் கழித்துக்கூட வரலாம்" என்கிறார்.

ஒரே மெஷின், ஒரே கதிர். ஒவ்வொரு இடமும் ஏன் ஒவ்வொரு நேரத்தில் காட்டுகிறது? அப்பா இரண்டு வாரம் விட்டுவிட்டு, புண் ஆறியதும் தொடரலாம் என்கிறார். ஓ.பி.யில் இருக்கும் கூட்டத்தில் இதையெல்லாம் நின்று கேட்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்மேசை:

தம்பி, நான் மருத்துவ இயற்பியலாளர். 19 வருடமாக இந்த வேலை. உடம்பின் எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே போக வேண்டும், எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது என்று கணினியில் திட்டம் போட்டுக் கொடுப்பவள். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: லீவு விடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதிருக்கு ஆள் பார்க்கத் தெரியாது. ஒரு நாள் 2 கிரே பாய்ந்தால், அது போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுவது ஏறத்தாழ 60, 80 இடங்களில் நடக்கும். தசையிலும் அதே எண்ணிக்கை, நாக்கின் தோலிலும் அதே எண்ணிக்கை. அறுந்ததில் பெரும்பகுதியைச் செல்லே சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் தப்பாக ஒட்டிவிடும். அந்தத் தப்போடு ஒரு செல் பல நாள் உயிரோடு இருந்து தன் வேலையைப் பார்க்கும். இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் மாட்டிக்கொண்டு சாகும். தசைச் செல் பிரிவதே அபூர்வம். அதனால் அதில் எதுவும் வெளியே தெரியவில்லை.

உங்கள் பெயரைப் பார்த்தால் டெல்டாக்காரர் என்று தோன்றுகிறது, அதனால் இப்படிச் சொல்கிறேன். வாயின் உட்தோலில் மேலே இருப்பது நட்ட பயிர், அடியில் இருக்கும் வரிசை நாற்றங்கால். மேலே இருக்கும் செல்கள் பிரிவதில்லை. தேய்ந்து உதிர்வதுதான் அவற்றின் கதி. அடிவரிசை ஓயாமல் பிரிந்து புதுச் செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். கதிர் கெடுப்பது நாற்றங்காலை. நாற்று வரவில்லை என்பதற்காக வயல் அன்றைக்கே வெறுமையாகிவிடாது. ஏற்கெனவே நட்டது இருக்கும்வரை பச்சையாகத்தான் தெரியும். வாய்த்தோல் முழுக்க மாறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம். அதனால்தான் புண் இரண்டாம் வாரக் கடைசியிலோ மூன்றாம் வாரத்திலோ வருகிறது. சுவைமொட்டுச் செல்களின் ஆயுள் ஏறத்தாழ 10 நாள், அப்பாவுக்கு ரசம் வெந்நீரானதும் அந்தக் கணக்கில்தான். தாடி வேரிலும் இதே கதை.

1906ல் பிரான்சில் பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இருவர் எலியின் விதைப்பையில் எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். விந்தணுவை உண்டாக்கும் செல்கள் அழிந்துபோக, அவற்றுக்கு நடுவே கிடந்த மற்ற செல்கள் அப்படியே இருந்தன. அதிகம் பிரிகிற, இன்னும் முதிராத செல்தான் கதிரில் முதலில் விழும் என்று அவர்கள் சொன்னது இன்றும் எங்களுக்கு முதல் பாடம்.

ஆனால் அந்தப் பாடத்துக்கு அடங்காதவை உண்டு. உங்கள் அப்பாவின் எச்சில் அதில் ஒன்று. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் அதிகம் பிரிவதே இல்லை. கணக்குப்படி அவை தசை மாதிரித் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் முதல் வாரத்திலேயே சுரப்பு பாதியளவுக்குக் குறைந்துவிடுவது வழக்கம். காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற பெரிய சுரப்பியில் நீர்போன்ற எச்சிலைத் தரும் செல்கள்தான் முதலில் முடங்கும். கோழையாகச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் தாங்கும். அப்பாவின் எச்சில் இப்போது நூல்நூலாக இழுக்குமே, அது இதனால்தான். ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணுவும் இதே ரகம். பிரியாமல் சும்மா இருக்கும்போதே, கொஞ்சம் கதிர் பட்டாலும் சில மணி நேரத்தில் செத்துவிடும். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, ஆயுள் 120 நாள். கதிரை அது பொருட்படுத்துவதே இல்லை.

அப்புறம் டாக்டர் சொன்ன தாடை இறுக்கம். தசையைச் சுற்றியிருக்கும் இணைப்புத் திசு, எலும்பு, மெல்லிய ரத்தக்குழாய்களின் உள்வரிசை, இவையெல்லாம் மிக மெதுவாகப் புதுப்பித்துக்கொள்பவை. இன்று பட்டது அவற்றில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். திசு தழும்பேறி விறைக்கும், ரத்த ஓட்டம் குறையும். வாய்ப்புண் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும், நாற்றங்காலில் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகிவிடும். ஆனால் விறைத்த திசு பழையபடி இளகுவது கடினம். திட்டம் போடும்போது எனக்குக் கவலை வாய்ப்புண்ணைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

தண்டுவடத்தை இன்னும் பயந்து பார்ப்போம். 45 கிரேக்கு மேல் போகாமல் ஒதுக்குவோம். அது சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குக் கீழே எல்லாம் போய்விடும். உமிழ்நீர்ச் சுரப்பி அப்படி இல்லை. ஒரு பகுதி கெட்டாலும் மீதி வேலை செய்யும். அப்பாவுக்கு நோய் இடது பக்கம் மட்டும் என்பதால் வலது சுரப்பிக்குக் குறைவாகவே போகும்படி திட்டம் போட்டிருப்பார்கள். சுரப்பி முழுக்கச் சராசரி ஏறத்தாழ 26 கிரேக்குள் நின்றால் ஒன்றிரண்டு வருடத்தில் எச்சில் நன்றாகவே மீண்டு வரும். உங்கள் டாக்டரிடம் "வலது பரோட்டிட் சராசரி எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அரை நிமிஷம் போதும்.

இப்போது லீவு. 60 கிரேயை ஒரே நாளில் கொடுக்காமல் 30 நாளாகப் பிரிப்பதே, இரவுக்குள் நல்ல திசு ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான். புற்றுச் செல் அந்த வேலையில் சொதப்பல். ஆனால் அதற்கும் பிரியத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியவை, நாலாவது வாரத்தை ஒட்டி இன்னும் வேகமாகப் பிரிய ஆரம்பிக்கும். தலை, கழுத்துப் புற்றில் ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதற்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட கணக்கு. அப்பா நிறுத்தச் சொல்வது சரியாக அந்த வாரங்களில். புண் ஆற விடுகிற அதே இரண்டு வாரம் நோயையும் வளர விடும். வலிக்கு மருந்து இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாக டியூப் போட்டாவது தொடர்வார்கள்.

புகையிலையை முழுக்க விட்டுவிட்டாரா? ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும் செல்லைக் கொல்ல ஒரு பங்கு கதிர் போதுமென்றால், கிடைக்காத செல்லுக்கு இரண்டரை, மூன்று பங்கு வேண்டும். பீடிப் புகையும் ரத்தசோகையும் புற்றுக்குக் கவசம் மாட்டிவிடும்.

புளியமர நிழல்:

தம்பி, கதிர்மேசை அம்மா சொன்னதெல்லாம் சத்தியம். எனக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே நோய், வலது பக்கம். 33 சிட்டிங். நான் பட்டதைச் சொல்கிறேன்.

புண்ணுக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்தேன். சாப்பாடு முழுக்க நொய்க்கஞ்சியும் மோரும் முட்டை அடித்த பாலும்தான். கழுத்தில் எண்ணெய், விபூதி, சந்தனம் எதுவும் தடவவில்லை, பிளேடும் போடவில்லை.

முடிந்து ஐந்து வாரத்தில் புண் ஆறிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். வாயைத் திறக்கும் பயிற்சியை விட்டேன். பத்து மாதம் கழித்து ஒருநாள் கொய்யாப்பழத்தைக் கடிக்கப் போனால் வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்கவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கி, பல்லுக்கு நடுவே கொடுத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டி இரண்டரை விரலுக்குக் கொண்டுவர எட்டு மாதம் பிடித்தது. அப்பாவை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், வலித்தாலும் மெதுவாக.

இன்னொன்று, பல். மூன்றாம் வருடம் கடைவாய்ப்பல் ஆடியது. பக்கத்து ஊரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். கரண்ட் வைத்ததை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிடுங்கிவிட்டார். அந்தக் குழி மூடவே இல்லை, உள்ளே எலும்பு தெரிந்தது. தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோனதால் ஆறவில்லை என்றார்கள். கடைசியில் எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இனி எந்தப் பல்லைத் தொடுவதானாலும் முதலில் கதிர்சிகிச்சை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

தைராய்டும் பாருங்கள். எனக்குப் பதினாலாவது மாதம் குறைந்தது, தினமும் காலையில் மாத்திரை.

வெண்ணாற்றங்கரை:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நாற்றங்கால் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ மேல தெரியறது போன வாரத்து சேதமா?" என்று கேட்டார். இன்று காலை தானே கிளம்பி வந்துவிட்டார். 15 முடிந்தது. தலை அசையாமலிருக்கப் போடும் வலை மாஸ்க்கைக் கழற்றியதும் நெற்றியில் அந்த வலைத் தடம் பதிந்திருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டே "பாதி" என்றார்.

வலது பரோட்டிட் கேட்டேன். சராசரி 11 கிரே என்று கணினியைப் பார்த்துச் சொன்னார்கள். பீடி ஆபரேஷனோடு போயிற்று. ஹீமோகுளோபின் 10.8, மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஐயா, அந்தக் குச்சி எங்கே வாங்கினீர்கள்?

கதிர்மேசை:

11 நல்ல எண் தம்பி. வலது பக்கச் சுரப்பி பெரும்பாலும் தப்பித்துவிடும். சிகிச்சை முடியும்வரை புண் கூடத்தான் செய்யும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடிந்த பிறகும் பத்து நாள்வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

புளியமர நிழல்:

ஃபேன்சி ஸ்டோரில் பள்ளிப் பிள்ளைகள் பொம்மை செய்ய வாங்குவார்களே, அந்தக் கட்டு. சாயம் போடாததாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் இன்று எத்தனை குச்சி நுழைகிறது என்று எண்ணி, தேதி போட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.