எஸ்யூ கொடுத்து ரூட்டாக மாறியும் யூசர்மாட் கட்டளை கிடைக்கவில்லை

கேள்வி (ஏற்காடு)
வணக்கம். எங்கள் காப்பித் தோட்டத்து அலுவலகக் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இயங்குகிறது. கூலிப் பட்டுவாடாவும் மிளகு எடைக் கணக்கும் அதில்தான். சேலத்தில் தங்கும் நாட்களில் தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (ssh) வழியே என் பயனர் கணக்கில் நுழைந்து, கணக்கு மாற்றும் எஸ்யூ (su) கட்டளையால் ரூட்டாக (root, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) மாறுவேன். நேற்று புதிய எழுத்தரைக் கணக்குக் குழுவில் சேர்க்க பயனர் கணக்கைத் திருத்தும் யூசர்மாட் (usermod) என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று வந்தது. நான் யார் என்று காட்டும் ஹூஅம்ஐ (whoami) கேட்டாலோ ரூட் என்கிறது. ஏதேனும் கெட்டுவிட்டதா? 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டுமா?

பதில் (அழகாபுரம், சேலம்)
ஒன்றும் கெடவில்லை, மலையேறவும் வேண்டாம். வெறும் எஸ்யூ கொடுத்தால் ஆள் மாறுகிறாரே தவிர, கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியல் உங்கள் பழைய கணக்கினுடையதாகவே நீடிக்கிறது. யூசர்மாட் இருப்பதோ நிர்வாகக் கட்டளைகளுக்கான எஸ்பின் (sbin) அடைவில். சாதாரணப் பயனரின் பட்டியலில் டெபியன் அதைச் சேர்ப்பதில்லை. எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு இடுங்கள் (su -). அப்போது ரூட் புதிதாக உள்நுழைந்ததைப் போலவே அமர்வு தொடங்கும். பாத்தும் மாறும், ரூட்டின் முகப்பு அடைவுக்கும் போய்விடுவீர்கள். 2019இல் வந்த டெபியன் 10இல் எஸ்யூ வேறொரு தொகுப்பிலிருந்து வரத் தொடங்கிய பிறகே இந்த மாற்றம் நேர்ந்தது. அதற்கு முந்தைய கையேடுகளைப் படித்துப் பழகியவர்கள் பலரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

வேலை முடிந்ததும் எக்ஸிட் கொடுத்துத் திரும்புங்கள். திரும்புவதற்கும் எஸ்யூவையே பயன்படுத்தினால் ஒன்றின் மேல் ஒன்றாக ஷெல்கள் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்கள்) அடுக்கப்பட்டு, ரூட் அமர்வு அடியில் திறந்தே கிடக்கும். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பதில் (ஆத்தூர்)
மேலே சொன்னது சரி. எழுத்தர் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால் புதிய குழு அந்த அமர்வில் தெரியாது. வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். ரூட்டின் கடவுச்சொல் இருவருக்கு மேல் தெரிந்திருக்குமானால் ஒரு கட்டளையை மட்டும் ரூட் அதிகாரத்தில் இயக்கும் சுடோவுக்கு (sudo) மாறுவதே நல்லது என்பேன்: அவரவர் தம் கடவுச்சொல்லையே இடுவார்கள், யார் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பதும் பதிவாகும். அதன் அமைப்புக் கோப்பைத் திருத்த விசுடோ (visudo) கட்டளையையே பயன்படுத்துங்கள். பிழையிருந்தால் சேமிக்கும் முன்பே அது தடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்
சிறுகோடு இட்டதும் வேலை முடிந்தது, மிக்க நன்றி ஐயா. ஆனால் ரூட்டாக இருக்கும்போதும் லாக்நேம் (logname) கட்டளை என் பெயரையே காட்டுகிறதே?

பதில் (அழகாபுரம், சேலம்)
அப்படித்தான் காட்ட வேண்டும். ஹூஅம்ஐ இப்போது யாராக இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும்; லாக்நேம் இந்த அமர்வில் முதலில் நுழைந்தவர் யார் என்பதைச் சொல்லும்.