கென்டக்கியில் வில்லால் மான் வேட்டை: பெங்களூருவிலிருந்து செல்லும் புதியவருக்கு ஆலோசனை தேவை

அல்சூர்_நாண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் சக்கரம் பொருத்திய வில்) பயிற்சி செய்துவருகிறேன். 50 மீட்டர் இலக்கில் ஓரளவு நன்றாகவே எய்வேன். வரும் ஜூன் மாதம் அலுவலகம் என்னை ஓராண்டுக் காலத்துக்குச் சிகாகோவுக்கு அனுப்புகிறது. அங்கிருக்கும்போது, சட்டப்படி உரிமம் பெற்று, வில்லால் வெள்ளைவால் மானை வேட்டையாட ஒருமுறையாவது முயல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு சென்றால் சில ஆயிரம் டாலர் ஆகும் என்று தெரிகிறது. அவ்வளவு செலவிட எனக்கு மனமில்லை. அதனால் அங்குள்ள தமிழ் நண்பர் ஒருவருடன் காரில் அண்டை மாநிலம் ஒன்றுக்குச் சென்று, கூடாரத்தில் தங்கி, பொது நிலத்தில் நாங்களாகவே முயலலாம் என்று எண்ணுகிறேன். அவரும் இதுவரை வேட்டைக்குச் சென்றதில்லை. ஐந்தாறு நாள் விடுப்பு கிடைக்கும்.

எந்த மாநிலம் புதியவருக்கு ஏற்றது, எப்போது செல்வது நல்லது, வேலை விசாவில் இருப்பவருக்கு ஏதேனும் தடை உண்டா, பெங்களூருவில் இருக்கும் இந்தச் சில மாதங்களில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒயிட்ஃபீல்டு_பரண் எழுதியது:

தம்பி, நான் ஒன்பது ஆண்டுகள் மிசூரியில் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூரு திரும்பியவன். முதல் இரண்டு ஆண்டுகள் வெறுங்கையோடுதான் காட்டிலிருந்து வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய கொம்புகளின் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அயோவாவின் மான்கள் புகழ்பெற்றவைதான். ஆனால் வெளிமாநிலத்தவர் அங்கே ஆண்டுக்கணக்கில் புள்ளிகள் சேர்த்துக் குலுக்கலில் காத்திருக்க வேண்டும்; உங்களிடம் இருப்பதோ ஓராண்டு. மிசூரியும் கென்டக்கியும் குலுக்கல் இல்லாமல், பணம் கட்டினால் உடனே உரிமம் தரும் மாநிலங்கள். உள்ளூர்வாசி கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும் என்பதையும், மான் வேட்டைக்கு அடிப்படை உரிமத்தோடு தனி அனுமதியும் தேவைப்படலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் கென்டக்கியையே சொல்வேன். அதன் மேற்குப் பகுதியில் கென்டக்கி ஏரிக்கும் பார்க்லி ஏரிக்கும் நடுவே 'லேண்ட் பிட்வீன் த லேக்ஸ்' என்ற பொது நிலம் ஏறக்குறைய 1,70,000 ஏக்கரில், அதாவது நம் பெங்களூரு மாநகரின் அளவுக்கு, விரிந்து கிடக்கிறது. கூடாரம் அடிக்க இடம் உண்டு. மாநில உரிமத்துக்கு மேல் அந்த நிலத்துக்கென்று தனியாக ஒரு வேட்டை அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். அதன் தென்பகுதி டென்னசி மாநிலத்தில் இருப்பதால், கென்டக்கி உரிமத்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிடக் கூடாது. நில எல்லைகளைக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றை வாங்கி, காட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ சென்றவுடன் செய்ய வேண்டியது வேட்டைப் பாதுகாப்புப் பாடம். 1980 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு இல்லினாய்ஸிலும், 1975 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குக் கென்டக்கியிலும் அந்தச் சான்றிதழ் கட்டாயம். ஒரு மாநிலத்தில் பெற்றதை மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. விசாவைப் பொறுத்தவரை, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் தடையும், வேட்டை உரிமம் பெற்றவருக்கு விலக்கும் உண்டு. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கலே எழாது.

காலம் என்றால், அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் முதல் வாரம் வரை. நவம்பர் நடுவில்தான் இணைசேர்தல் உச்சத்தை எட்டும்; அதற்கு முன் ஆண் மான்கள் பெண் மான்களைத் தேடிப் பகலிலும் அலையத் தொடங்கும். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை கென்டக்கியில் துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிடும். அதன் பிறகு வில்லாளியும் ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும், காட்டிலும் ஆள் நடமாட்டம் பெருகிவிடும். அதற்குள் திரும்பிவிடுமாறு திட்டமிடுங்கள்.

முதல் ஒன்றரை நாளை வேட்டைக்கு ஒதுக்காதீர்கள், நடந்து பாருங்கள். ஆண் மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த இளமரங்கள், காலால் சுரண்டிய மண், வெள்ளை ஓக் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகள், இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய் ஆகியவற்றில் இரண்டு ஒரே இடத்தில் அமைந்தால் அங்கே உட்காரலாம். ஆனால் காற்றின் திசை சரியில்லை என்றால் எல்லாம் வீண். மான் வரும் திசையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீச வேண்டும். குளிர்ந்த காலையில் சரிவின் காற்று கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். ஒரே மரத்தில் காலையில் பலிப்பது மாலையில் பலிக்காது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு பருவம் பிடித்தது.

மரத்தில் பரண் கட்டுவதானால், தரையை விட்டுக் கால் எடுக்கும் கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை உடல்வாரும் பாதுகாப்புக் கயிறும் பூட்டியிருக்க வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே அமர்ந்த பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் பெரும்பங்கு பரணிலிருந்து விழுவதுதான். இருவருமே புதியவர்கள் என்பதால், தரையில் மறைப்புக் கூடாரம் போட்டு அமர்ந்தாலும் குறையொன்றும் இல்லை.

ஜெயநகர்_வாசகர் எழுதியது:

நான் வேட்டையை விரும்பாதவன். ஆனாலும் கேள்வி கேட்டவர் ஒளிவுமறைவின்றிச் சட்ட வழியில் செல்ல முனைவதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை அடியோடு தடை செய்கிறது. அங்கே உரிமத்தோடு செய்ததை இங்கே யாரும் பின்பற்றத் தொடங்கிவிடக் கூடாது. நினைவுப்பொருள் என்று கொம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர நினைக்காதீர்கள்; அங்கேயே நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கு மட்டும் இது ஏன் அனுமதிக்கப்படுகிறது என்றும் யாராவது விளக்கினால் நல்லது.

ஒயிட்ஃபீல்டு_பரண் எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. 1900ஆம் ஆண்டளவில் கட்டுப்பாடற்ற வணிக வேட்டையால் அங்கே வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சமாகக் குறைந்துபோயின. பிறகு பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றால் மீண்டு, இன்று கோடிக்கணக்கில் பெருகிவிட்டன. ஓநாயும் பூமாவும் பெரும்பாலான பகுதிகளில் இல்லாததால் பயிர்ச் சேதமும் சாலை விபத்தும் அன்றாடச் செய்தி. 1937ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. பின்னாளில் வில்லும் அம்பும் அதில் சேர்க்கப்பட்டன. புலியும் செந்நாயும் மான்களை நம்பி வாழும் நம் காடுகளின் கணக்கு வேறு.

வில்லாசிரியை_கோரமங்களா எழுதியது:

நான் பெங்களூருவில் வில்வித்தை கற்பிக்கிறேன், வேட்டைக்குச் சென்றதில்லை. ஆனால் "50 மீட்டரில் நன்றாக எய்வேன்" என்ற வரி எனக்குக் கவலை தந்ததால் எழுதுகிறேன்.

அட்டை இலக்கு நகராது. மானுக்குக் காது உண்டு. உங்கள் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். 40 கஜம், அதாவது சுமார் 36.6 மீட்டர் தூரத்தை அது கடக்க 0.43 நொடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ 0.11 நொடியிலேயே மானை எட்டிவிடும். மீதமுள்ள 0.3 நொடியில், பாய்ந்து ஓடுவதற்காக மான் உடலைத் தாழ்த்தினால், நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுத்தண்டுக்கு மேலே போய்விடும். 20 கஜத்தில் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே முதல் பருவத்தில் 20 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானுக்கு அம்பு இல்லை என்று இப்போதே முடிவெடுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, அமர்ந்தவுடனேயே சுற்றியுள்ள மரங்களின் தூரத்தை அளந்துவிடுங்கள். மான் வந்த பிறகு அளக்கக் கை எழாது.

உயரத்திலிருந்து எய்வதைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 18 மீட்டர் தள்ளி நிற்கும் மானைப் பார்த்தால், சாய்தூரம் 19 மீட்டர்தான். ஒரு மீட்டர் வித்தியாசம் பொருட்டல்ல. கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைவதே முக்கியம். பயிற்சிக் களத்தில் மேடை இருந்தால் அங்கிருந்தும், இல்லையென்றால் நாற்காலியில் அமர்ந்தும், தடித்த ஜாக்கெட் அணிந்தும் எய்து பழகுங்கள். நாள் தவறாமல் குளிர்ந்த உடலோடு ஒரே ஓர் அம்பு எய்து, அது எங்கே பட்டது என்று எழுதி வையுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் அம்பு மட்டுமே.

பயிற்சி முனையும் வேட்டைக்கான அலகுமுனையும் ஒரே இடத்தில் படும் என்று நம்பாதீர்கள். அலகுமுனைகளை அங்கே வாங்கி, அங்கேயே சோதித்து, குறியைத் திருத்திக்கொள்ளுங்கள். வில்லை விமானத்தில் பதிவுச் சாமான்களோடு, கடினமான பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

அல்சூர்_நாண் எழுதியது:

மிக்க நன்றி. 0.3 நொடிக் கணக்கைப் படித்தபின் என் 50 மீட்டர் பெருமை வடிந்துவிட்டது. இனி 20 கஜம்தான். அம்பு பட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் இப்போது என்னை அதிகம் அச்சுறுத்துகிறது.

இந்திராநகர்_சமையலறை எழுதியது:

கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் டென்னசியில் இருந்தபோது நானும் அவரும் சேர்ந்தே வேட்டைக்குச் சென்றிருக்கிறோம். உங்கள் அச்சம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்றே விலகித் திரும்பி நிற்கும்போதோ மட்டும், முன்னங்காலுக்குப் பின்னால் உள்ள நுரையீரலைக் குறிவையுங்கள். நேருக்கு நேர் நிற்கும் மானை விட்டுவிடுங்கள். எய்தவுடன் இறங்கி ஓடாதீர்கள். அரை மணி நேரமாவது அசையாமல் இருந்து, மான் கடைசியாக மறைந்த மரத்தை நினைவில் வையுங்கள். பிறகு அம்பைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தேட வேண்டும். நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டுப் பின்தொடர்ந்து, படுத்திருந்த மானை எழுப்பிவிட்டு இழந்தோம். அந்த இரவு இருவரும் சாப்பிடவில்லை.

கிடைத்துவிட்டால் அன்று நள்ளிரவுக்குள் கென்டக்கி அரசின் டெலிசெக் என்ற தொலைபேசி, இணையப் பதிவு முறையில் பதிவுசெய்ய வேண்டும். கொம்புள்ள மான் ஓர் ஆண்டுக்கு ஒன்றுதான். உடனே குடலை நீக்கி உடலைக் குளிர்விக்க வேண்டும். இறைச்சி 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் மானை நண்பர்களுக்குக் காட்டும் ஆசையில், செப்டம்பர் வெக்கையில் ஓர் இரவு முழுக்க வண்டியிலேயே வைத்திருந்து, மறுநாள் எலும்பை ஒட்டிய இறைச்சி புளித்துப்போய்ப் பெரும்பகுதியைப் புதைத்த குற்றம் எங்களுடையது. பெரிய ஐஸ் பெட்டிகள் இரண்டையும், கூர்மையான கத்தியையும், கையுறைகளையும் மறக்க வேண்டாம்.

எலும்பு நீக்கிய இறைச்சியாகவே சிகாகோவுக்கு எடுத்துச் செல்லுங்கள். மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நரம்புச் சிதைவு நோய் காரணமாக, மூளையும் தண்டுவடமும் மாநில எல்லை கடப்பதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. கென்டக்கியில் அந்நோய் 2023 டிசம்பரில், மேற்கே பல்லார்டு மாவட்டத்தில், முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக உறுதிப்படவில்லை என்றாலும், பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகே உண்ணுங்கள்.

உண்ணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தால், பாலூட்டிகளின் இறைச்சியே ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமை சிலருக்கு வந்துவிடும். மட்டன் பிரியாணியைத் துறக்க மனமில்லையென்றால், உடைகளுக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்து அணியுங்கள். ஒவ்வொரு மாலையும் உடலைத் தடவிப் பாருங்கள். சமையலில் ஒரே எச்சரிக்கை: மான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. தொடைக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குக்கரில் வேகவிட்டுப் பிறகு நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். முதுகுச் சதையை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைக்காதீர்கள்.

அல்சூர்_நாண் எழுதியது:

அக்டோபர் 29 முதல் நவம்பர் 3 வரை விடுப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பரணுக்குப் பதில் தரையில் மறைப்புக் கூடாரம் என்று நண்பரும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆசிரியை அவர்களே, நாளைக் காலை முதல் அந்த ஒற்றை அம்புக் குறிப்பேட்டைத் தொடங்குகிறேன். அமர்ந்து எய்யும்போது நாற்காலியின் கை வில்லின் கீழ்ச் சக்கரத்தில் இடிக்கிறது, கையில்லாத முக்காலி போதுமா?

வில்லாசிரியை_கோரமங்களா எழுதியது:

போதும். முக்காலியைச் சற்று வலப்புறம் திருப்பி, இடது தோள் இலக்கை நோக்கும்படி அமருங்கள். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் இடப்புறம்.