வோல்டேஜ் டிவைடர்ல லோட் போட்டதும் வோல்டேஜ் விழுந்துடுது, உதவி பண்ணுங்க

9 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர்ல இருந்து 5 வோல்ட் ரிலே (காயில்ல கரண்ட் போனா இழுக்கிற சுவிட்ச்) ஒண்ண ஓட்டணும், காயில் ரெசிஸ்டன்ஸ் அளந்தா 70 ஓம் காட்டுது. மேல 8.2 கே (கிலோ ஓம்), கீழ 10 கே ரெசிஸ்டர் சீரிஸா போட்டு, நடுவுல இருந்து வோல்டேஜ் எடுக்கிற மாதிரி டிவைடர் பண்ணேன். சும்மா அளந்தா நடுவுல சரியா 4.9 வோல்ட் வருது, ஆனா ரிலேவ மாட்டின உடனே 0.1 கூட இல்ல.

கலர் பேண்ட் பாத்தாச்சு (சாம்பல் சிவப்பு சிவப்பு, பழுப்பு கருப்பு ஆரஞ்சு), தனியா கழட்டி மல்டிமீட்டர்லயும் செக் பண்ணியாச்சு, ரெண்டும் சரியாதான் இருக்கு. அடாப்டர் 9 வோல்ட்ல அசையாம நிக்குது, ரிலேவும் நல்லாருக்கு, வேற 5 வோல்ட் சப்ளைல டக்குனு இழுக்குது.

அதே விகிதத்துல 820, 1 கே போட்டா 0.7 வோல்ட் கிட்ட வருது. 82, 100 போட்டா 3 வோல்ட் வரைக்கும் ஏறுது ஆனா ரிலே இழுக்கல, 82 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் தொட முடியாத அளவுக்கு கொதிக்குது, அதான் ரொம்ப பயமா இருக்கு. கீழ இருக்கிற ரெசிஸ்டருக்கு பேரலலா காயில் வந்துடறதால விகிதமே மாறிடுதுன்னு தோணுது.

டிவைடர தூக்கிட்டு காயிலோட சீரிஸா 56 ஓம் அரை வாட் ஒண்ணு மட்டும் போட்டா போதுமா, இல்ல 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) தான் போடணுமா?