கல்லடி வீட்டுக் குழு: பெரியப்பாட கண்

[பி.ப. 6:42] பெரியம்மா: புள்ளைகள், இண்டைக்குப் பெரியப்பாவ கண் டொக்டரிட்டக் காட்டின. கண்ணாடி மாத்தத்தான் போனது. கண்ணுக்குள்ள பிரஷர் கூடவாம். வலக்கண் 32, இடக்கண் 28. குளுக்கோமா எண்டு எழுதித் தந்திருக்கார்.

[6:45] சித்தப்பா: அண்ணனைக் குளிசையை ஒழுங்காப் போடச் சொல்லுங்க மதினி. உப்பையும் கருவாட்டையும் குறைச்சாச் சரியாகும்.

[6:51] மச்சாள்: சின்ன மாமா, அது வேற பிரஷர். கையில பட்டி கட்டிப் பாக்குறது ரத்தத்துட. இது கண்ணுக்குள்ள ஊறுற தண்ணிட. 10க்கும் 21க்கும் இடையில இருக்கிறதுதான் சாதாரணம். தண்ணி வடியிற வாசல் அடைபட்டா உள்ள முட்டும், பின்னால இருக்கிற நரம்பு நசிபடும்.

[6:53] சித்தப்பா: வாவி முட்டினா முகத்துவாரம் வெட்டி விடுற மாதிரி எண்டு சொல்லு.

[6:54] மச்சாள்: அதேதான். ஆனா வெள்ளாமை அழிஞ்சா அடுத்த போகம் விதைக்கலாம் மாமா. இந்த நரம்பு செத்தாத் திரும்ப வராது. மருந்து விடுறது மிஞ்சினதைக் காப்பாத்த மட்டுந்தான்.

[6:58] பெரியம்மா: அவருக்கு நோவும் இல்ல, கண் சிவக்கவும் இல்ல. விடிய எழும்பிப் பேப்பர் முழுக்க வாசிக்கிறார். என்னெண்டு நம்புற?

[7:00] மச்சாள்: அதுதான் மாமி இந்த வருத்தத்துட களவு. ஓரத்தில இருந்து தின்னும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும். வாசிக்கலாம், ஆள் அடையாளம் தெரியும், பக்கத்தால வாற சைக்கிள் தெரியாது.

[7:01] அக்கா: அப்பா போன மாசம் ரெண்டு தரம் கேற்றில ஸ்கூட்டியை இடிச்சவர் 😟 பிரேக்குக்குத்தான் ஏச்சு விழுந்தது.

[7:03] பெரியப்பா: நான் இஞ்சதான் இருக்கிறன். செத்த வீட்டில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க. பிரேக்கும் பிழைதான்.

[7:06] கனடா அண்ணா: 📹 முன்னனுப்பப்பட்டது: "கரட்டும் பொன்னாங்காணியும் 21 நாள், கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்"

[7:07] மச்சாள்: பொன்னாங்காணியைச் சுண்டித் தின்னுங்க, நல்லது. கண் பிரஷர் குறையாது.

[7:10] நான்: இது ஆருக்கு வாற வருத்தம்? சீனி வருத்தக்காரருக்கா?

[7:19] மச்சாள்: சீனியும் ஒரு காரணம். ஆனா முதல்ல வயசு, 40 தாண்டினாக் கவனம். மறுகா ரத்த உரித்து. தாய் தகப்பன், கூடப்பிறந்ததுகள்ல ஒருத்தருக்கு இருந்தா மத்த ஆக்களை விடப் பல மடங்கு கூட. பெரிய மாமாக்கு வந்தது உங்க எல்லாருக்கும் வந்த கடிதம் எண்டு வைங்க. பிரஷர் 21க்குள்ள இருந்தும் நரம்பு கெட்ட ஆக்களும் இருக்கு. அதால பிரஷரை மட்டும் அளந்து போட்டு வராம, நரம்பையும் பாக்கச் சொல்லோணும்.

[7:24] மாமி: அப்ப அம்மாக்கும் இதுதானா? கண்ணில வெள்ளை (கட்டரக்ட்) படர்ந்ததெண்டு ஒபரேஷன் செய்தும் பார்வை வரல்லயே. கடைசியில கிணத்துக்கட்டைத் தடவித்தானே குசினிக்கு வந்தவ. டொக்டர் பிழையா வெட்டிப்போட்டார் எண்டு நாம எத்தினை வருஷம் திட்டின.

[7:26] மச்சாள்: இப்ப அதைச் சொல்ல ஏலாதம்மா. வெள்ளை மட்டும் எண்டா எடுத்தாப் பார்வை வாறதுதான் வழமை. நரம்பு ஏற்கனவே கெட்டிருந்தா வராது. ரெண்டும் ஒண்டா இருந்திருக்கலாம்.

[7:27] மாமி: 😔

[7:35] சித்தப்பா: எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. சூடடிக்கிற நேரம் தூசு பட்டாக் கண் கடிக்கும். பாமசியில மருந்து வாங்கி ரெண்டு துளி விட்டாப் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிரும். ரெண்டு வருஷமா அதுதான்.

[7:36] மச்சாள்: என்ன மருந்து? போத்தலைப் படமெடுத்துப் போடுங்க.

[7:41] சித்தப்பா: 📷

[7:43] மச்சாள்: மாமா, இது டெக்ஸாமெதசோன். ஸ்டெரொயிட். டொக்டர் சொன்ன நாளைக்கு மட்டும் விடுற மருந்து. கனநாள் விட்டாச் சில ஆக்களுக்குக் கண் பிரஷரை ஏத்தும், வெள்ளையையும் கொண்டு வரும். குடும்பத்திலயும் இருக்கு, இதையும் விட்டிருக்கீங்க. டொக்டரைக் காணும் வரை இனி ஒரு துளியும் வேணாம்.

[7:45] மாமி: நான் தொய்வுக்குப் பம் அடிக்கிறன், அதுவும் ஸ்டெரொயிட்தானே. நிப்பாட்டவா?

[7:46] மச்சாள்: நிப்பாட்டாதீங்க அம்மா!! மூச்சுத்தான் முதல். பாவிக்கிறதை டொக்டரிட்டச் சொன்னாப் போதும். தொய்வையும் கட்டாயம் சொல்லுங்க. கண் பிரஷருக்கு விடுற டிமொலோல் மருந்து தொய்வுக்காரருக்கு ஆகாது.

[7:50] கனடா அண்ணா: எனக்கு மைனஸ் 7. பள்ளிக்கூடத்தில பந்து பட்டதும் இருக்கு, இடக்கண்.

[7:52] மச்சாள்: மைனஸ் கூடினதும் ஒரு காரணம், அடிபட்ட கண்ணும் ஒரு காரணம். அடிபட்டு எத்தினையோ வருஷம் போயும் பிரஷர் ஏறலாம். வீடியோ அனுப்பினது காணும் அண்ணா, அங்கயே பதிஞ்சு காட்டுங்க 😄

[7:53] அக்கா: அம்மாக்குப் பிளஸ் கண்ணாடி, தப்பினாவா?

[7:55] மச்சாள்: பிளஸ்காரருக்கு வடியிற வாசல் இறுகலா இருக்கலாம், அது வேற சாதி. திடீரெண்டு கண் சிவந்து, தாங்க ஏலாத நோவு, தலையிடி, சத்தி, லைற்றைச் சுத்தி வானவில் வட்டம் எண்டா விடியும் வரை பாத்திருக்கப்படாது. பனடோல் போட்டுப் படுக்காம அப்பவே ஆஸ்பத்திரி.

[8:02] நான்: வியாழன் விடிய அப்பாவக் கண் காட்டக் கூட்டிட்டு வாறன். மாமி, நீங்களும் ஆரையம்பதிச் சந்தியில நில்லுங்க.

[8:04] சித்தப்பா: வியாழன் எனக்குத் தண்ணி கட்டுற முறை.

[8:05] மாமி: தண்ணிய மருமகன் கட்டுவார். நீ வா தம்பி.

[8:17] சித்தப்பா: மோட்டார்சைக்கிள்ல வரலாமா?

[8:18] மச்சாள்: கருமணி விரியிறதுக்கு மருந்து விடுவாங்க. சில மணித்தியாலத்துக்கு மங்கலாத் தெரியும், வெயில் கூசும். பஸ்சில வாங்க.

[8:21] சித்தப்பா: சரி புள்ள. செங்கலடியில முதல் பஸ்சைப் பிடிக்கிறன். அந்தப் போத்தலையும் கொண்டு வரவா?

[8:21] மச்சாள்: பெட்டியோட கொண்டு வாங்க.